பனிக்கட்டியும் பதிவேடும்



தீச்சூளையின் நடுவே நின்ற மூன்று இளைஞர், படைப்பு அனைத்தையும் ஆண்டவரைப் போற்ற அழைத்தனர் எனத் தானியேல் ஆகமத்தில் வாசிக்கிறோம். அவ்வழைப்பில் பனியும் குளிரும்கூட விடுபடவில்லை. வெப்ப நாட்டினராகிய நாம் பனிக்கட்டியைப் பற்றிச் சிந்திப்பது அரிது. இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

குளிரக் குளிரச் சுருங்கிக் கனப்பது பெரும்பாலான பொருள்களின் இயல்பு. தண்ணீரோ ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வரையில்தான் இவ்விதிக்குப் பணிகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே தங்கிவிடுகிறது. ஆகவே குளிர்நாட்டு ஏரி மேற்பரப்பிலிருந்தே உறைகிறது. பனிக்கட்டி போர்வையாக மூடிக்கொள்ள, அதன் அடியில் மீன்கள் பிழைத்திருக்கின்றன. படைத்தவரின் பராமரிப்பு இத்தகைய சிறு விதியிலும் விளங்குகின்றது அன்றோ!

ஆழமான பெரிய ஏரி, கோடையில் பெற்ற வெப்பத்தை நெடுநாள் தேக்கி வைத்திருக்கும். ஆழமற்ற சிறிய ஏரியோ விரைவில் குளிர்ந்து உறையும். எனவே குளிர்காலத்தின் கடுமை குறைந்தால் அதனை உடனே காட்டிவிடும்.

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் உள்ள சுவா ஏரி அத்தகையது. அதன் ஆழம் மிகுதியான இடத்திலும் சுமார் 7 மீட்டரே. அது உறைந்தபின் பனிக்கட்டி இரவில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீரும் உறையும். பகலில் பனிக்கட்டி விரிவடைய, அவ்விடத்தில் வரப்புப்போல் ஒரு மேடு எழும்பும். தங்கள் தெய்வம் ஏரியைக் கடந்து சென்ற தடம் அது என்பது அவ்வூர் ஷிந்தோ மதத்தினரின் நம்பிக்கை. ஏரி உறையும் நாளைக் குறிக்கும் வழக்கம் அங்கே 1443-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய குருக்கள் அதனைக் காத்து வருகின்றனர்.

அவ்வேடு கூறுவது யாது? முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. 1955 முதல் 2004 வரை அத்தகைய ஆண்டுகள் பன்னிரண்டு. 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து. 2018-இல் எழுந்த பனிமேடு, அதன்பின் பல ஆண்டுகள் தொடர்ந்து எழவில்லை.

அக்குருக்கள் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர்களுடைய பிரமாணிக்கம் நமக்கும் பாடமாகும். தெய்வத் தடம் தோன்றாத ஆண்டையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரி எழுதுவது சிறு வேலையாகவே தோன்றும். நூறாண்டு கழிந்தபின் அதுவே ஒரு குடும்பத்தின் சான்று. அவ்வாறே அவர்கள் எழுதிய வரிகள், பூமி சூடேறி வருவதற்கு இன்று சான்றாக நிற்கின்றன.

மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே இச்சூட்டிற்குத் தலையாய காரணம். உலகம் நம் பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில் நினைவூட்டினார். இல்லத்தைக் காப்பவர் அதனை உற்று நோக்குவர். கிணற்றின் நீர்மட்டத்தையும் முதல் மழை பெய்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம். வீண் செலவின்றி விளக்கையும் நீரையும் ஆள்வோம். உண்மையை உள்ளபடி எழுதுவதும், அதற்கேற்ப வாழ்வதும் படைத்தவருக்கு நாம் செலுத்தும் புகழ்ச்சியே.