போர்வீரர் வைத்தியம் விரிவடைக

யுத்தகளத்திலிருந்து உயிரோடு மீண்ட சிப்பாயின் தேகத்தை, காயம் ஆறிப் பல வருஷங்கள் சென்ற பின்னரும் விட்டு நீங்காத முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும், அபின் இனத்து மாத்திரைகளையே நெடுங்காலம் தாராளமாக எழுதிக் கொடுத்துவந்தன அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஆஸ்பத்திரிகள். 2014-இல் விஸ்கான்சின் மாநிலத்து டோமா நகர ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கென்று சேர்ந்திருந்த மரைன் படைவீரர் ஒருவர், பல மருந்துகள் கூடி விளைத்த நச்சினால் மாண்டார். 2016-இல் காங்கிரஸ் இயற்றிய போதைப் பழக்கச் சட்டத்தின் ஒரு பகுதி அவர் பெயரையே தாங்கிற்று. மருந்தல்லாத சிகிச்சைகளை ஆராய்ந்து விரிவாக்கும்படி அச்சட்டம் பணித்ததை அடுத்து, 2017-இல் அக்குபங்சர், மசாஜ், யோகம், தியானம், தாய்ச்சி, ஹிப்னாடிசம் முதலியன, தேவைப்படும் வீரருக்கு அளிக்கத்தக்க வைத்திய உதவிகளுள் இடம்பெற்றன.

இந்த விஸ்தரிப்பை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். யோகம் பாரதத்தின் பழஞ்செல்வம் என்னும் அபிமானத்துக்கு இங்கே இடமில்லை. நோயாளியின் சுகம் ஒன்றே அளவுகோல். மினியாபொலிஸ் பகுதியில் 240 முன்னாள் வீரர்களை ஓராண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அபின் இனத்து மருந்து பெற்றவர்கள் சாதாரண வலிமருந்து பெற்றவர்களைவிட நன்றாக நடமாடவும் இல்லை, அவர்களுடைய வலியும் சற்று அதிகமாகவே இருந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரையை நாடுமுன் தேகப்பயிற்சி, அக்குபங்சர், யோகம் போன்றவற்றை முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி அதற்கு முந்திய ஆண்டே கூறிற்று.

ஆயினும், யுத்த அதிர்ச்சியால் நித்திரை இழந்து தவிப்பவருக்குப் பேச்சுவழி மனச்சிகிச்சையே பிரதானம். தியானம் அதற்குத் துணையாகலாமேயன்றி, மனோவைத்தியர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாகலாகாது. யோக வகுப்பு இருக்கிறதே என்று பல்லாண்டு உண்ட மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் கொடுமை: அவ்வாறு நிறுத்தப்பட்ட வீரர்களிடையே தற்கொலையாலும் மருந்து மிகுதியாலும் நேரும் மரண அபாயம் கூடியிருந்ததை 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. படிப்படியாகக் குறைப்பதே வைத்திய தர்மம்.

இனி, பணத்தின் விஷயம். மொன்டானாவின் பண்ணைப்புறத்தில், ஆஸ்பத்திரிக்குப் பல மணி நேரப் பிரயாண தூரத்தில் வசிக்கும் முதியவருக்கு யோகத்தையும் தாய்ச்சியையும் காணொளி வழியே கற்பிக்கலாம். ஊசி குத்துவதற்கும் உடம்பு பிடித்துவிடுவதற்கும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். அந்த ஆட்களைத் தற்காலிக நிதியில் அமர்த்தாமல், மருத்துவத் தாதியருக்குப் போலவே நிரந்தரப் பதவியும் சம்பளமும் வகுத்து, ஒவ்வொரு சிகிச்சையின் பலனையும் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிட, வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே காங்கிரஸ் ஏற்பாடு செய்ய வேண்டும்.