பாஸ்வேர்டு சரிதான், பூட்டைத்தான் மாத்திட்டாங்க

ஊரிலிருந்து போன் வரும். "வீட்டுக் கம்ப்யூட்டர்ல அவுட்லுக்குக்கு ஜிமெயில் வரலப்பா, பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு." நாமும் வேலை அவசரத்தில், "கடைப் பையனைக் கூப்பிட்டு பாஸ்வேர்டைக் குடுங்க, பார்த்துக்குவான்" என்போம். என்னைக் கேட்டால் அது தப்பு.

முதலில் பிரவுசரில் பாஸ்வேர்டு போட்டு ஜிமெயிலைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் நெட்டும் சரி, பாஸ்வேர்டும் சரி. பழைய அவுட்லுக் மாதிரி மென்பொருள்கள் வெறும் பாஸ்வேர்டோடு உள்ளே நுழைவதை, தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்த ஆரம்பித்தது. பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி, அவுட்லுக்கில் பழைய பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டும். ஐமேப் போர்ட் 993, எஸ்எம்டிபி 587 என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான், போனிலேயே முடிகிற வேலை.

கடைப் பையன் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பேங்க், பென்ஷன் எல்லாம் அந்த மெயிலில்தான் வருகிறது. மெயில் கையில் இருந்தால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்காத அப்பா அம்மாவை, இதை மட்டும் ஏன் கொடுக்கச் சொல்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்களேன்.