நோட்டீஸ் போர்டில் தொங்கிய பாஸ்வேர்ட்!

சிம்போசியம் வருதுன்னாலே, 'டேய், வெப்சைட்டை நீ பண்ணிடுடா'ன்னு யாராவது ஒரு அப்பாவி தலையில கட்டிடுவாங்க. நான் செகண்ட் இயர் படிச்சப்போ அந்த அப்பாவி... சாட்சாத் அடியேன்தான்!

மூணு ராத்திரி முழிச்சு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் பக்கம் ரெடி பண்ணினேன். பேர், ரோல் நம்பர், மெயில், பாஸ்வேர்ட். பசங்க டைப் பண்ணினது அப்படியே டேட்டாபேஸுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். லாகின் பண்ணினா கரெக்டா திறக்கும். ரெண்டு நாள் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டே திரிஞ்சேன்.

லஞ்ச் கூப்பன் கொடுக்க லிஸ்ட் கேட்டாங்க. மொத்த டேபிளையும் எக்ஸெல்ல போட்டுக் கொடுத்தேன். அதை யாரோ பிரிண்ட் எடுத்து, நோட்டீஸ் போர்டில் குத்திட்டாங்க. பேர், ரோல் நம்பர், மெயில்... பக்கத்திலேயே பாஸ்வேர்ட்!

முதல்ல ஒரே சிரிப்பு. எவன் பாஸ்வேர்ட்ல எந்தப் பொண்ணு பேர் இருக்குன்னு ஒரு கூட்டமே நின்னு ஆராய்ச்சி பண்ணுச்சு. அப்போ ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு ஓரமா வந்து நின்னுச்சு. "அண்ணா, என் மெயிலுக்கும் இதே பாஸ்வேர்ட்தான். ஸ்காலர்ஷிப் விஷயமெல்லாம் அந்த மெயில்லதான் வரும்."

சிரிப்பு நின்னுடுச்சு. லிஸ்ட்டைக் கிழிச்சுட்டு, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு லேபுக்கு ஓடினேன். நல்லவேளை, மெயிலை யாரும் தொடலை. பாஸ்வேர்டை மாத்தின பிறகுதான் மூச்சே வந்தது.

பிரிண்ட் எடுத்தவர் மேல தப்பு சொல்ல முடியுமா? அடுத்தவங்க பாஸ்வேர்ட் என் கையில் இருந்ததுதான் முதல் தப்பு.

பெரிய தலைகளும் தப்பலை!

2009-ல ராக்யூ தளத்துக்குள்ள திருடன் புகுந்தப்போ, 3.2 கோடிக்கும் மேல பாஸ்வேர்ட் சிக்குச்சு. எல்லாம் என்னை மாதிரியே 'அப்படியே' எழுதி வெச்சது. 2012-ல லிங்க்ட்இன்ல இருந்து சுமார் 65 லட்சம் பாஸ்வேர்ட் ஹாஷ் வெளியே வந்தது. அவங்க குழப்பித்தான் வெச்சிருந்தாங்க. ஆனா ஒரே பாஸ்வேர்டுக்கு எப்பவும் ஒரே ஹாஷ் வர்ற மாதிரி வெச்சதால, உடைக்கறவங்களுக்கு வேலை சுலபமாயிடுச்சு.

இந்த வருஷமும் சைட் என் தலையில்தான். ஆனா சொந்தப் பூட்டு செய்யற வேலையே வேண்டாம்னு ஸ்ப்ரிங் செக்யூரிட்டிகிட்ட சரண்டர் ஆயிட்டேன். ஜாவாக்காரங்களுக்கு இது பழைய நண்பன். 2003-ல பென் அலெக்ஸ் தொடங்கினப்போ இதுக்குப் பேர் 'ஏசிஜி'. ஆங்கில அரிச்சுவடியில 1, 3, 5, 7, 9-வது எழுத்துகளைச் சேர்த்து வெச்ச பேர்! ஸ்ப்ரிங் செக்யூரிட்டிங்கிற பேர்ல 2008-லதான் முதல்ல வெளிவந்துச்சு.

வாசலைத் திறந்து வை!

ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சுக்கங்க. இது லாகினைப் பார்த்துக்கும். யார் உள்ளே வரலாம், எந்தப் பக்கம் வரைக்கும் போகலாம்னு காவல் காக்கும். ஆனா புது ஆளைச் சேர்க்கிற ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மை நாமதான் எழுதணும்.

எழுதினேன். ரிஜிஸ்டர் பக்கத்துக்குப் போனா, 'முதல்ல லாகின் பண்ணு'ன்னு துரத்துச்சு. அக்கவுன்ட் இல்லாதவன் எப்படிப்பா லாகின் பண்ணுவான்? எல்லாப் பக்கத்தையும் பூட்டும்போது ரிஜிஸ்டர் பக்கத்தையும் சேர்த்துப் பூட்டியிருந்தேன். அதுக்கு மட்டும் 'பெர்மிட் ஆல்'னு ஒரு வரி போட்டதும் கதவு திறந்துச்சு.

பாஸ்வேர்டை பிகிரிப்ட் என்கோடர்கிட்ட கொடுத்துட்டேன். அது ஒவ்வொரு முறையும் 'சால்ட்'ங்கிற ஒரு புது உப்பைக் கலந்து ஹாஷ் போடும். ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வெச்சாலும் டேபிள்ல வேற வேறயாத்தான் இருக்கும். வேணும்னே மெதுவா வேலை செய்யற மாதிரிதான் இதை 1999-லயே வடிவமைச்சாங்க. நமக்கு லாகின்ல கண் சிமிட்டுற நேரம். கோடிக்கணக்கில் முயற்சி பண்ற திருடனுக்கு நாக்கு தள்ளிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: வர்ற ஹாஷ் 60 எழுத்து நீளம். நான் 50 எழுத்துக்கு ஃபீல்டு வெச்சு, அரை நாள் எர்ரரோட மல்லுக்கட்டினேன்.

யார் அட்மின்?

அடுத்த குழி இதுதான். ஃபார்ம்ல வர்றதை அப்படியே யூசர் டேபிளுக்குத் தள்ளற ஷார்ட்கட் நம்ம எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு கில்லாடி, ஃபார்ம்ல இல்லாத 'ரோல்'ங்கிற ஒண்ணைத் தானே சேர்த்து 'அட்மின்'னு அனுப்பினா? அவன்தான் சைட்டுக்கு ராஜா! 2012 மார்ச்ல கிட்ஹப் தளத்திலேயே இந்த மாதிரி ஓட்டையை ஒருத்தர் நிரூபிச்சுக் காட்டினார். அதனால ஃபார்முக்குத் தனி கிளாஸ் வெச்சு, பேர், மெயில், பாஸ்வேர்ட் மட்டும் வாங்குங்க. ரோல் என்னன்னு சர்வர் முடிவு பண்ணட்டும்.

இன்னொண்ணு. ஃபார்மை சப்மிட் பண்ணினதும் 403-ன்னு முகத்துல அடிக்கும். 'சிஎஸ்ஆர்எஃப்பை ஆஃப் பண்ணுடா, சரியாயிடும்'னு பக்கத்து சீட் நண்பன் ஐடியா கொடுப்பான். கேட்காதீங்க! நம்ம பக்கத்துல இருந்து வந்த ஃபார்ம்தானான்னு அது ஒரு டோக்கன் வெச்சுப் பார்க்குது, அவ்வளவுதான். தைம்லீஃப்ல ஃபார்மோட ஆக்‌ஷனை அதோட பாணியில எழுதினா டோக்கன் தானா சேர்ந்துக்கும்.

கடைசியா, 'இந்த மெயில் ஏற்கெனவே இருக்கா'ன்னு கோடிங்ல பார்த்தா மட்டும் போதாது. அவசரக்குடுக்கை எவனாவது பட்டனை ரெண்டு தடவை தட்டுவான். டேட்டாபேஸ்லயே மெயிலை 'யூனிக்' ஆக்கிடுங்க.

போன வாரம் அதே பொண்ணு, இப்போ நம்ம டீம்ல வாலன்டியர், போன் பண்ணுச்சு. "அண்ணா, ஒருத்தங்க பாஸ்வேர்டை மறந்துட்டாங்களாம். பார்த்துச் சொல்றீங்களா?"

"எனக்கே தெரியாதும்மா. புதுசா ஒண்ணு வெச்சுக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு செகண்ட் சைலன்ஸ். அப்புறம், "சூப்பர்ணா!"

எக்ஸாம்ல 'எனக்குத் தெரியாது'ன்னு எழுதினா முட்டை மார்க். அன்னிக்கு அதே பதிலுக்கு எனக்கு ஃபுல் மார்க் கிடைச்ச மாதிரி இருந்தது.

உங்க காலேஜ் சைட் இந்த வருஷம் உங்க தலையிலயா? இன்னிக்கு ராத்திரியே டேபிளைத் திறந்து பாருங்க பாஸ். நண்பனோட பாஸ்வேர்டை உங்களால படிக்க முடிஞ்சா... உடனே வேலையை ஆரம்பிங்க!