முத்திரையும் ஐயமும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளின்மீது அரசின் புலி முத்திரை பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலை பயின்றோர் அறிவர். வாணிகம் வணிகர்க்குரியது, எனினும் அரசின் பார்வைக்குப் புறத்தே அது நிகழ்ந்ததில்லை. அன்று முத்திரை பொதிக்கு இடப்பட்டது. இன்றோ ஒரு நாட்டு நிறுவனம் பிறநாட்டு நிறுவனத்தையே விலைக்கு வாங்குங்கால், அவ்விற்பனைக்கும் அரசின் முத்திரை வேண்டப்படுகின்றது. அம்முத்திரை எதனைப் பார்த்து இடப்படுகின்றது, எதனைப் பார்த்து மறுக்கப்படுகின்றது என்பதே நம் முன் நிற்கும் வினா.

ஒரு துறைமுகக் கதை

2006ஆம் ஆண்டில் துபாய் அரசுக்குரிய டி.பி. வேர்ல்டு நிறுவனம், பழம்பெரும் பிரித்தானியக் கப்பல் நிறுவனமான பி அண்டு ஓ-வை ஏறத்தாழ 390 கோடி பவுண்டுக்கு வாங்கிற்று. நியூயார்க், பால்டிமோர், மயாமி உள்ளிட்ட அமெரிக்கத் துறைமுகங்களில் பி அண்டு ஓ நடத்திவந்த சரக்கு முனையங்களும் அவ்விற்பனையில் அடங்கியிருந்தன. அயல்நாட்டு முதலீட்டை ஆராயும் அமெரிக்க அரசுக் குழு முன்னரே இசைவு தந்திருந்தது. ஆயினும் செய்தி பரவியதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே விற்பனைக்கு ஆதரவாக நின்றும் பயனில்லை. மார்ச் மாதத்தில் கீழவைக் குழுவொன்று 62க்கு 2 என்ற வாக்குகளால் அதனைத் தடுக்க முற்பட, மறுநாளே துபாய் நிறுவனம் அமெரிக்க முனையங்களை விட்டுக்கொடுக்க இசைந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவை ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கு விற்கப்பட்டன.

துறைமுகக் காவல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையிடமும் சுங்கத் துறையிடமுமே தொடர்ந்து இருந்திருக்கும். முனையங்களை அதுவரை நடத்தியதும் ஓர் அயல்நாட்டு நிறுவனமே. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அடிக்கடி வந்து தங்கும் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தை நடத்துவதும் இதே டி.பி. வேர்ல்டுதான். தன் போர்க்கப்பலை நம்பி நிறுத்தும் நாடு, தன் சரக்குப் பெட்டியை நம்பி ஒப்படைக்க மறுத்தது! 2001 செப்டம்பர்த் தாக்குதலின் வடு ஆறாத காலம் அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆராயப்பட்டது நிறுவனத்தின் செயலன்று. அதன் ஊரும் பெயருமே. அதே விற்பனையின் வழியே நம் சென்னைத் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையமும் துபாய் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெட்டகங்கள் ஏறுவதும் இறங்குவதும் அங்கே தடையின்றித் தொடர்ந்தன.

பகையும் நட்பும்

இது ஒரு நாட்டின் குறை மட்டுமன்று. அமெரிக்கக் குவால்காம் நிறுவனம், நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. நிறுவனத்தை 4,400 கோடி டாலருக்கு வாங்க முனைந்தது. ஒப்புதல் தரவேண்டிய ஒன்பது அரசமைப்புகளுள் எட்டு இசைந்தன; சீனா மட்டும் காலக்கெடு முடியும்வரை வாய் திறக்கவில்லை. 2018 சூலையில் முயற்சி கைவிடப்பட, குவால்காம் 200 கோடி டாலர் இழப்பீடு செலுத்திற்று. அவ்வாண்டில்தான் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் வரிப்போர் மூண்டிருந்தது. இரண்டிற்கும் தொடர்பில்லை எனச் சீன அரசு கூறியது, நம்பியவர் சிலரே.

நட்பு நாடாயின் கதவு தாமே திறக்குமோ? அதுவுமில்லை. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல், யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை 1,490 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025 சனவரியில் அதிபர் பைடன் அதனைத் தடுத்தார். அதே ஆண்டு சூனில் அதிபர் டிரம்ப், முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமையுடைய ‘தங்கப் பங்கு’ ஒன்றை அரசுக்குப் பெற்றுக்கொண்டு இசைவளித்தார். ஆறு திங்களில் எஃகு மாறவில்லை, ஜப்பானும் மாறவில்லை, ஆட்சியே மாறிற்று.

நாம் கொள்ளவேண்டிய நிலை

நாட்டின் பாதுகாப்பைப் பேணுவது அரசின் கடமை. துறைமுகத்தையும் தொலைத்தொடர்பையும் கண்ணை மூடிக்கொண்டு எவரிடமும் ஒப்படைத்தல் இயலாது. நம் நாடும் 2020 ஏப்ரலில், நிலவழி எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என விதித்தது. பெருந்தொற்றால் நலிந்த நிறுவனங்களை அயலார் மலிவாகக் கைப்பற்றாமல் காப்பதே அதன் நோக்கம். அதில் நியாயமுண்டு. அதே வேளையில் நாம் பிறர் வாயிலில் நிற்பவர்களுமாவோம். 2007இல் கோரஸ் எஃகு நிறுவனத்தையும், 2008இல் ஜாகுவார் லேண்டு ரோவரையும் டாடா குழுமம் வாங்கியபோது நாம் பெருமிதம் கொண்டோம். நமக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கு மறுத்தல் அறமாகாது.

ஆகவே என் கருத்து இதுவே: வாங்குவோரின் உடைமையும் நடத்தையும் ஆராயப்படுக. மறுப்பதாயின் காரணம் எழுத்தில் தரப்படுக. நிபந்தனையால் தீரும் அச்சத்திற்குத் தடை விதிக்காதிருக்க. ஒரு நாட்டுக்கு ஓர் அளவுகோல், மற்றொன்றுக்கு வேறோர் அளவுகோல் என்பது ஒழிக.

பெயரைக் கேட்டவுடன் ஒருவரை எடைபோடும் பழக்கத்தின் கொடுமையை வாடகைக்கு வீடு தேடி அலைந்தோர் அறிவர்; வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோரும் அறிவர். மனிதர்க்குத் தீங்கான அப்பழக்கம் நாடுகளுக்கு மட்டும் நன்மை பயக்குமோ? நாளை வணிகத் துறையிலும் அரசுப் பணியிலும் முத்திரையைக் கையில் ஏந்தப்போகும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் இருத்துதல் வேண்டும். முத்திரை பொதியை ஆராய்ந்து இடப்படட்டும்; பொதி வந்த ஊரைக் கேட்டு அன்று.