பல்வலிக்குப் பற்பசையா?

டுரியான் பருவம் தொடங்கினால், பாலிக் புலாவில் எங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் வருவது வழக்கம். வெயிலும் அலைச்சலும் சேர்ந்து, இரண்டாம் நாளே யாருக்காவது தலைவலியோ இருமலோ வந்துவிடும். நாம் வேலைக்குப் போன நேரத்தில் அவர்களே பார்மசிக்குப் போக வேண்டியிருக்கும். அவர்களுக்காக நான் எழுதிக் கொடுக்கும் சில மலாய்ச் சொற்கள் உங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கும் உதவும்.

மருந்து என்றால் ‘உபாட்’. இருமல் ‘பாத்தோக்’, சளி ‘செல்செமா’, காய்ச்சல் ‘டெமாம்’, தொண்டைவலி ‘சாக்கிட் தெக்காக்’, வயிற்றுப்போக்கு ‘சிரிட்-பிரிட்’, மலச்சிக்கல் ‘செம்பெலிட்’. இருமல் மருந்து இருக்கிறதா என்று கேட்க, ‘ஆடா உபாட் பாத்தோக்?’ என்றால் போதும்.

பல்வலிக்கு மட்டும் கவனம் வேண்டும். ‘உபாட் கிகி’ என்று கேட்டால் பற்பசைதான் கைக்கு வரும். ‘உபாட் சாக்கிட் கிகி’ என்று கேட்க வேண்டும். நாம் எலி மருந்து, பூச்சி மருந்து என்பதுபோல, அவர்களுக்குக் கொசுவர்த்திகூட ‘உபாட் ஞாமோக்’தான்!

அடுத்த சிக்கல் நம் தமிழில் இருக்கிறது. “மயக்கமா இருக்கு” என்று அத்தை சொன்னால், தலைசுற்றலா, நினைவு தப்பியதா, தூக்கக் கலக்கமா? மலாயில் இவை மூன்று சொற்கள்: ‘பெனிங்’, ‘பெங்சான்’, ‘மெங்ஙாந்தோக்’. நினைவு தப்பியிருந்தால் பார்மசியில் நிற்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில சளி, இருமல் மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். குடித்துவிட்டு வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஜார்ஜ் டவுனுக்குக் கார் ஓட்ட நினைப்பவர், ‘உபாட் இனி புவாட் மெங்ஙாந்தோக்?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வாக்கியம் ஒன்று உண்டு: ‘சாயா சூடா மாக்கான் உபாட் இனி’. இந்த மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன் என்று பொருள். நம்மைப்போலவே மலாய்க்காரர்களும் மருந்தைச் ‘சாப்பிடுகிறார்கள்’.

ஊரிலிருந்து வருபவர் பையில் டோலோ 650 இருக்கும். இங்கே பெனடோல் வாங்குவார். பெயர்தான் வேறு, இரண்டிலும் இருப்பது பாராசிட்டமோல். டோலோவில் 650 மில்லிகிராம், சாதாரண பெனடோலில் 500. இரண்டிலும் ஒவ்வொன்றாக நான்கு வேளை விழுங்கினால் 4,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 4,000தான். அதைத் தாண்டினால் ஈரல் பாதிக்கப்படலாம். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கும். அதனால் பழைய மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

நீரிழிவு இருந்தால் ‘கென்சிங் மானிஸ்’, இரத்த அழுத்தம் ‘டாரா திங்கி’, ஒவ்வாமை ‘அலாஹான்’. இவற்றை மருந்தாளர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயோட்டிக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். சட்டப்படி அவர் தர முடியாது. மருந்து வாங்கியதும் ‘செபெலும் மாக்கான்’ (சாப்பாட்டுக்கு முன்), ‘செலெப்பாஸ் மாக்கான்’ (சாப்பாட்டுக்குப் பின்), இரண்டில் எது என்று கேட்டுவிட்டே கடையை விட்டு இறங்கட்டும்.