பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லையா, பழக்கம் இல்லையா?

"பையனுக்குப் பொறுப்பே இல்லை." சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் வணிகப் பெருமக்கள் நம்மிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான். முந்தின தீபாவளி வரை நாமும் இதையே சொல்லி வந்தோம்.

நம் பேரனுக்கு அப்போது 19 வயது. பி.காம். மாணவன். விடுமுறையில் கடைக்கு வந்தவனிடம், கல்லாவில் உட்கார்ந்தபடியே, லாரி ஆபீசுக்குப் போ, பாங்கில் செக் போடு, ஆந்திராவுக்குப் போன் செய்து உளுந்து ஆர்டர் சொல், கிட்டங்கியில் சீனி மூட்டையை எண்ணு, இரண்டு கடைப் பாக்கியைக் கேள் என்று ஒரே மூச்சில் அடுக்கினோம். நான்கு வேலை நடந்தது. உளுந்து விட்டுப்போயிற்று. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, முதல் பஸ்ஸில் வந்த கிராமத்துக் கடைக்காரர்கள் வெறும் சாக்கை மடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். இருபது வருட வாடிக்கை. ஆட்கள் எதிரிலேயே பேரனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோம். பொங்கல் வரை அவன் கடைப்படி ஏறவில்லை.

நம் கணக்குப்பிள்ளைதான் சொன்னார்: "முதலாளி, அஞ்சு வேலையும் உங்க மனசுல வரிசையா இருக்கு. அவன் மனசுல அந்த வரிசையை யாரும் போட்டுக் கொடுக்கலையே." கேட்டவுடன் கோபம் வந்தது. யோசித்தபோது வாய் அடைத்தது.

திட்டமிடுவது, நினைவில் வைப்பது, எதை முதலில் செய்வதென்று முடிவு செய்வது, மனதை அடக்குவது ஆகியவற்றில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது மருத்துவ ஆராய்ச்சி. மீசை வந்துவிட்டதால் எல்லாம் வந்துவிட்டதென்று நாம் கணக்குப் போட்டது தவறு.

நமக்கு மட்டும் பிறவியிலேயே வந்ததா? 1970களில் நாம் கடைக்கு வந்தபோது சிட்டை, நாள்வழி, பேரேடு என்று எல்லாவற்றுக்கும் புத்தகம் இருந்தது. இரவு ரொக்க இருப்பு நாலணா இடித்தாலும் பெரியவர் விளக்கை அணைக்க விடமாட்டார். அந்தப் புத்தகங்கள்தாம் நம்மைப் பழக்கின. இன்று கம்ப்யூட்டர் பில் போடுகிறது. மற்றதை நாமே மனதில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏவுகிறோம்.

பொங்கல் கழிந்து நாமே போய்ப் பேரனை அழைத்தோம். பேசியது தவறு என்றும் சொன்னோம். அறுபது வயதுக்கு மேல் அதைச் சொல்வது எளிதல்ல. உளுந்து ஒன்றை மட்டும் அவனிடம் விட்டோம்: இருப்பு, ஆர்டர், பணம், லாரி அனைத்தும். காலையில் ஏவுவதற்குப் பதில் "இன்றைக்கு என்ன வேலை?" என்று கேட்போம். அவன் நோட்டில் எழுதிக் காட்டுவான். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காலையிலும், உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று மாலையிலும் எழுதுவான். பாங்குக்கு அரை மணி என்று எழுதியவனுக்கு ஒன்றரை மணி ஆனது. ஒரு மாதத்தில் கணிப்பு ஓரளவு சரிப்பட்டது. ஜி.எஸ்.டி.யையும் இப்படியே பழக்கினோம். மாதாமாதம் தாக்கல் செய்யும் நமக்கு 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி வரி. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கொள்முதல் பில்களை என்றைக்குள் சேர்க்கவேண்டும் என்று அவனே குறித்தான். இருப்பு எண்ணும்போது செல்போன்கள் கல்லாப்பெட்டிக்குள். அதில் அதிகம் தவித்தது நாம்தான்!

"இதற்கெல்லாம் நேரம் ஏது, நாமே செய்துவிடலாமே" என்பீர்கள். செய்யலாம். நாம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கல்லாவில் யார் உட்காருவது?

வேலைக்கு வரும் பையன்களுக்கும் இது பொருந்தும். 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பது 2016 சட்டத்திருத்தப்படி குற்றம். சொந்தப் பிள்ளையானாலும் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோதான் கடைக்கு உதவலாம். 18 வயது நிறைந்து வந்து சேரும் பையனிடம் கடுகு, சீரகம், மிளகு வைத்த ஒரு தட்டையாவது முழுசாக ஒப்படைத்துப் பாருங்கள்.

சென்ற தீபாவளிக்கு உளுந்து தட்டவில்லை. ஆனால் ரவையில் பத்து மூட்டை அதிகம் எடுத்துவிட்டான். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டோம். வண்டு விழுவதற்குள் ஓட்டல்களுக்குப் போன் போட்டு எட்டு மூட்டையைத் தள்ளினான். மீதி இரண்டு, அடக்க விலைக்கும் கீழே போயிற்று. அந்த நஷ்டத்தைத் தன் நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறான். நாம் எழுதச் சொல்லவில்லை.