அணி தேறியது யார் செலவில்?

அமெரிக்காவின் சவுத் கரோலைனா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பழைய பதிவேட்டைப் புரட்டுபவருக்கு, அங்கே ஒரு துயரம் நடந்ததாகவே தெரியாது. 2011இல் 13 ஆட்டங்களில் 11 வெற்றி. 2012இலும் 11. 2013இலும் 11. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அதுவரை காணாத பொற்காலம் அது. அதே காலத்தில்தான் அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் முதலில் இடது முழங்காலையும், மறு ஆண்டு வலது முழங்காலையும் பறிகொடுத்தார். அதன் பிறகு அவர் ஒரு போட்டியிலும் ஆடவில்லை.

அமெரிக்கக் கால்பந்து கையில் ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தை ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் நுழைய வேண்டும்; அப்படி நுழைவதே 'டச்டவுன்'. இதில் 'ரன்னிங் பேக்' என்பவருடைய வேலை, தன்னைச் சாய்ப்பதற்கென்றே காத்து நிற்கும் மலை போன்ற ஆட்களுக்கு நடுவே பந்தோடு பாய்வது. அநேகமாக ஒவ்வொரு ஓட்டமும் அவர் மண்ணில் விழுவதோடுதான் முடியும். இருபது முறை பந்து கிடைத்தால் ஏறக்குறைய இருபது முறையும் விழ வேண்டும். விழும் விதத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

மார்கஸ் லாட்டிமோர் 2010இல் முதலாண்டு மாணவராக அந்த அணிக்கு வந்தார். அக்டோபரில் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை அணி 35-21 என்று வீழ்த்தியது. மூன்று டச்டவுன்கள் அவருடையவை. அடுத்த வாரமே கென்டக்கிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு அவர் வெளியேற, கையிலிருந்த ஆட்டம் 31-28 என்று நழுவியது. நவம்பரில் புளோரிடா மண்ணில் அவரிடம் பந்து 40 முறை கொடுக்கப்பட்டது. 212 யார்டுகள் ஓடினார். பல்கலைக்கழகம் முதன்முறையாகத் தன் பிரிவின் பட்டத்தை வென்றது. அவருக்கு அப்போது வயது 19.

அடுத்த ஆண்டு கடற்படைக் கல்லூரிக்கு எதிராக 37 ஓட்டங்கள். அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஓட்டங்களின் சுமைதான் காலைக் கெடுத்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு கணத்தில் நேர்ந்த விபத்து அது. ஆனால் விழும் எண்ணிக்கை கூடக் கூட அந்தக் கணம் வாய்ப்பதற்கான சாத்தியமும் கூடும். பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரை மட்டும் இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அவருடைய இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் பந்து அதே கைக்குத்தான் போயிருக்கும்.

2012 அக்டோபர் 27. டென்னஸி அணியுடன், அணியின் சொந்த ஊரான கொலம்பியாவில் ஆட்டம். இரண்டாவது கால்பகுதியில் லாட்டிமோர் சாய்க்கப்பட்டபோது வலது முழங்கால் மூட்டே விலகியது; தசைநார்கள் பல கிழிந்தன, நரம்பும் சேதமானது. இது சாதாரண விளையாட்டுக் காயம் அன்று. மூட்டு விலகினால் மருத்துவர்கள் முதலில் பதறுவது முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியை நினைத்துத்தான்; அது அறுபட்டால் காலையே இழக்க நேரலாம். இரண்டு அணிகளின் வீரர்களும் களத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவருடைய 21ஆவது பிறந்தநாள்.

அணி எப்படித் தேறியது? வியக்கும் வகையில் விரைவாக. அன்றைய ஆட்டத்தையே 38-35 என்று வென்றது. மூத்த மாணவர் கென்னி மைல்ஸும் முதலாண்டு மாணவர் மைக் டேவிஸும் ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தற்காப்பில் ஜடேவியன் கிளவுனி என்ற அசுரன் இருந்தார். கிளெம்சனை அதன் மண்ணிலேயே தோற்கடித்தபோது எதிரணிக் குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) நாலரை முறை சாய்த்ததாக அவர் பெயரில் கணக்கு எழுதப்பட்டது. புத்தாண்டு நாளில் மிச்சிகனை 33-28 என்று வென்று பருவம் முடிந்தது. லாட்டிமோர் விழுந்த ஆட்டத்திலிருந்து ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. மறு ஆண்டு டேவிஸ் ஆயிரம் யார்டுகளைத் தாண்டி ஓடினார்.

விளையாட்டு எழுத்தாளர்கள் இதை மன உறுதியின் கதையாக எழுதுவார்கள். அதில் பொய் இல்லை. தோழனுக்காக ஆடிய பிள்ளைகளின் உணர்ச்சி உண்மையானதுதான். எனக்கு என்னவோ, இதில் உறுதியைவிட ஏற்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. அன்றைய விதிப்படி ஒரு கல்லூரி அணி 85 பேருக்கு முழு உதவித்தொகை தரலாம். களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர்களோ 11 பேர். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருவார் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் இந்த அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். காயத்தை அது எதிர்பார்க்கிறது. எதிர்பார்க்கும் காயத்துக்கு விலை யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் அமைதியாகிவிடுகிறது.

ரன்னிங் பேக்குகளை இந்த ஏற்பாடு மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. பள்ளி முடித்து மூன்றாண்டு ஆகாதவரைத் தேசியத் தொழில்முறைக் கூட்டமைப்பு எடுத்துக்கொள்ளாது. ஒஹாயோ ஸ்டேட் அணியின் ரன்னிங் பேக் மொரீஸ் கிளாரெட் அந்த விதியை எதிர்த்து வழக்காடி 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். குவாட்டர்பேக் ஒருவர் 35 வயதைத் தாண்டியும் ஆடலாம்; ரன்னிங் பேக்கின் உடல் பெரும்பாலும் 30க்கு முன்பே தீர்ந்துவிடும். இருப்பதே சில நல்ல ஆண்டுகள். அவற்றில் மூன்று அன்று சம்பளமில்லாமல் கழிய வேண்டியிருந்தது. லாட்டிமோரின் இரண்டு முழங்கால்களும் போனது இந்த மூன்றாண்டுக் காத்திருப்பின்போதுதான். 2013இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை நான்காவது சுற்றில், 131ஆவது ஆளாக எடுத்தது. ஒரு போட்டிகூட ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

லாட்டிமோர் நட்சத்திரம். ஊரே அவருக்காக அழுதது. 2018இல் அதே பல்கலைக்கழகம் அவரை வேலைக்கும் எடுத்தது. தொழில்முறை அணிக்குத் தேர்வாகும் நிலையில் உள்ள மாணவர்கள் கடன் பெற்று ஊனக் காப்பீடு வாங்கும் திட்டம் 1990இலேயே தொடங்கப்பட்டது. பயிற்சியில் முழங்காலை உடைத்துக்கொள்ளும் பெயர் தெரியாத மூன்றாம் வரிசைப் பையனுக்கு இந்தக் கதவுகள் திறக்காது.

சட்டத்தின் கதவைத் தட்டிப் பார்த்தவரும் ஒரு ரன்னிங் பேக்தான். 1974 அக்டோபரில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தார். தானும் பல்கலைக்கழகத்தின் தொழிலாளிதான் என்று இழப்பீடு கேட்டார். 1993இல் மாநில ஆணையம் ஒப்புக்கொண்டது. காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. 1997இல் ஜூரி மறுத்தது. 2000இல் மேல்முறையீடும் தோற்றது. அதே மைதானத்தில் புல் வெட்டுபவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவரைக் காக்கும். யார் தவறு என்றுகூட அது கேட்காது.

எதுவுமே மாறவில்லை என்பதும் சரியல்ல. 2015இல் பெரிய கூட்டமைப்புகள், ஆட்டத்திறன் குறைந்ததென்று உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என விதி செய்தன. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். இன்றைய லாட்டிமோர் முதலாண்டு முடிவதற்குள் செல்வந்தராகியிருப்பார்.

மருத்துவத்தில்தான் கை சுருங்குகிறது. 2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியை விட்டபின் இரண்டு ஆண்டுக்கு ஆட்டக் காயங்களுக்கான சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும் என்று முதல்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு விதி வந்திருக்கிறது. முன்பு இருந்ததற்கு இது மேல். ஆனால் தசைநார் கிழிந்த முழங்காலில் மூட்டுத் தேய்வு தலைகாட்டுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். பங்கிடும் தொகையில் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கி, ஆட்டக் காயங்களுக்கு வாழ்நாள் சிகிச்சை நிதி ஒன்றைத் தொடங்குவது முடியாத காரியமல்ல. தொலைக்காட்சி உரிமைப் பணம் வரும் வேகத்துக்கு அது பெரிய சுமையுமல்ல.

அந்தத் திசையில் போகாமல் பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்புகளும் வாஷிங்டனுக்குப் போயிருக்கின்றன. 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் அவற்றின் ஆதரவோடு கொண்டுவரப்பட்ட மசோதா, இந்த மாணவர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்கிறது. கோடிகளைப் பங்கிடச் சம்மதித்த பிறகும் ஊழியர் என்ற நிலைக்கு எதற்காக இவ்வளவு அஞ்ச வேண்டும்? ஊதியம் ஆடும் காலத்தோடு நின்றுவிடும். 45 வயதில் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு வந்து நிற்கும் பழைய மாணவரின் மருத்துவமனை பில் அப்படி நிற்காது. அவர்கள் தள்ளிவைக்கப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான் என்று எனக்குப் படுகிறது.